கேளிக்கைப் பூங்காவுக்குப் போகுமுன்: கேட்டீர்கள், சொல்கிறேன்

பள்ளி விடுமுறை நெருங்குகிறது. கோலாலம்பூர் வட்டாரப் பூங்கா ஒன்றின் வருகையாளர் சேவை முகப்பில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் என்பதால், கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றுள் பலருக்கும் பயன்படுகிறவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

செந்தூலிலிருந்து ஒரு தாய்: அக்கா, ஏழு வயது மகன் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றான். ஏறும் இடத்தில் அளந்து பார்த்து, இரண்டு சென்டிமீட்டர் குறைகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு சென்டிமீட்டருக்காகவா ஒரு பிள்ளையை அழவைப்பது?

அந்த இரண்டு சென்டிமீட்டரை யாரும் விட்டுக்கொடுக்க முடியாது, தங்கையே. உயர வரம்பை நிர்ணயிப்பது அந்த விளையாட்டுச் சாதனத்தைத் தயாரித்த நிறுவனம். மடியை அழுத்திப் பிடிக்கும் கம்பி, ஒரு குறிப்பிட்ட அளவு தொடைக்கும் இடுப்புக்கும் பொருந்தும்படி செய்யப்பட்டிருக்கும். பிள்ளை சிறியவனாக இருந்தால் கம்பி பூட்டிக்கொள்ளும், ஆனால் அவனுக்கும் கம்பிக்கும் இடையே வெளி இருக்கும். வண்டி தலைகீழாகும்போது அந்த வெளி வழியாகத்தான் உடல் நழுவும். தடித்த அடிப்பாகமுள்ள காலணி அணிவித்து உயரத்தைக் கூட்டும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஆனால் உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அளவுகோல் வரிசையின் கடைசியில் மட்டும் இருந்தால், அது அந்தப் பூங்காவின் சேவைக் குறை. வரிசையின் வாசலிலேயே ஒருவர் நின்று அளந்திருக்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை வருகையாளர் சேவை என்பதே இதுதான்: சொல்ல வேண்டியதை, அந்த மனிதர் நேரத்தையும் ஆசையையும் செலவழிப்பதற்கு முன்பே சொல்லிவிடுவது.

அடுத்த முறை காலையில் உள்ளே நுழைந்ததும் சேவை முகப்பில் மகனை அளக்கச் சொல்லுங்கள். அவன் ஏறக்கூடியவை எவை என்று கேட்டு, பூங்கா வரைபடத்தில் அவன் கையாலேயே வட்டமிடச் செய்யுங்கள். கடைசி நிமிடத்தில் திருப்பி அனுப்பப்பட்டால், மேற்பார்வையாளரை அழைத்து, வீணான ஒரு மணி நேரத்துக்கு ஈடாக வேறொரு விளையாட்டில் வரிசையின்றி அனுமதி கேளுங்கள். கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும்.

கிள்ளானிலிருந்து: மழை வந்து இரண்டு மணி நேரம் எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

மூடியது மழைக்காக மட்டும் இருக்காது, மின்னலுக்காகவும் இருக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கு ஆண்டில் ஏறத்தாழ 200 நாள் இடி முழங்கும் பகுதி. உலகில் மின்னல் மிகுந்த இடங்களில் நம்முடையதும் ஒன்று. உயரமான இரும்புக் கோபுரத்திலும் நீர்த்தொட்டியிலும் ஆட்களை வைத்துக்கொண்டு யாரும் காத்திருக்க மாட்டார்கள். கெந்திங் மலைக்கு ஏறும் கம்பி வண்டியையும் மின்னலிலும் பலத்த காற்றிலும் நிறுத்துவார்கள்.

வானிலைக்காகப் பணம் திருப்பித் தரப்படாது என்பது பெரும்பாலான டிக்கெட்டுகளின் நிபந்தனை. ஆனால் நீண்ட நேரம் மூடப்பட்டிருந்தால், இன்னொரு நாள் வர அனுமதிச் சீட்டு தரும் வழக்கம் உண்டு. அதை அன்றே, வெளியேறும் முன், முகப்பில் கேட்க வேண்டும். மறுநாள் தொலைபேசியில் கேட்டால் நீங்கள் உள்ளே இருந்த நேரத்தை நிரூபிப்பது கடினமாகிவிடும்.

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வழக்கம். சன்வே லகூன் போன்ற திறந்தவெளிப் பூங்காவுக்குக் கதவு திறக்கும்போதே போய், பெரியவற்றை நண்பகலுக்குள் முடித்துவிடுங்கள். மழையே தொட முடியாத இடம் வேண்டுமென்றால் கோலாலம்பூர் இம்பியிலுள்ள பெர்ஜாயா டைம்ஸ் ஸ்குவேர் பேரங்காடிக்குள் ஒரு பூங்கா இருக்கிறது. அதன் ரோலர் கோஸ்டர் கட்டடத்துக்குள்ளேயே ஓடுகிறது.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி: நீர்ச்சறுக்கில் ஏறப் போனபோது தாலியைக் கழற்றச் சொன்னார் பணியாளர். கணவர் கோபப்பட்டார், வாக்குவாதமாகிவிட்டது. அவர்கள் அப்படிச் சொல்லலாமா?

இந்தக் கேள்வி என் முகப்புக்குப் பலமுறை வந்தது. ஒவ்வொரு முறையும் இரு தரப்பையும் நினைத்து மனம் கனத்தது.

முதலில் காரணத்தைச் சொல்கிறேன். நீர்ச்சறுக்குக் குழாய் கண்ணாடியிழையால் ஆனது, துண்டு துண்டாக இணைக்கப்பட்டது. சங்கிலியோ பதக்கமோ இணைப்பில் சிக்கினால் கழுத்தை இழுக்கும். உலோகம் உரசிய கீறல், பின்னால் வருகிறவரின் முதுகைக் கிழிக்கும். ஆகவே கழுத்தில் தொங்கும் எதையும் பணியாளர் கவனித்தே ஆக வேண்டும். தாலி, ருத்திராட்சம், சிலுவை என்ற வேறுபாடு அதில் இல்லை.

ஆனால் “கழற்று” என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்வது மோசமான சேவை. நம் பெண்களுக்குத் தாலி என்னவென்று தெரியாத பணியாளருக்கு அதைச் சொல்லிக்கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது இது: குரலைத் தாழ்த்து, பெண் பணியாளர் ஒருவரை அழை, கழற்றாமல் செய்யக்கூடியதை முதலில் சொல்.

கழுத்துவரை மூடும் இறுக்கமான நீச்சல் மேற்சட்டைக்குள் தாலியைச் செலுத்தி, உடலோடு படியும்படி மருத்துவ ஒட்டுநாடாவால் ஒட்டிக்கொள்வதைப் பல இடங்களில் ஏற்பார்கள். அதையும் ஏற்காத சறுக்குகள் உண்டு, குறிப்பாகச் செங்குத்தாக விழுபவை. அங்கே ஏறாமல் விடுவதே வழி. மஞ்சள் கயிற்றில் கட்டியிருந்தால் குளோரின் நீரில் ஊறி வலுவிழக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உடையைப் பற்றியும் ஒன்று. பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் நீரை உறிஞ்சிக் கனத்து, சறுக்கும் வேகத்தைக் குறைக்கும். நடுக்குழாயில் நீங்கள் நின்றுவிட்டால் அடுத்தவர் வந்து மோதுவார். நைலான் அல்லது லைக்ரா துணியே வேண்டும் என்பது இதனால்தான்.

ஜெலுத்தோங்கிலிருந்து: தெலுக் பஹாங் எஸ்கேப் பூங்காவுக்கு 65 வயது அம்மாவை அழைத்துப் போகலாமா? முழங்கால் வலி உண்டு.

அழைத்துப் போகலாம், ஆனால் அவருக்கு அங்கே செய்ய அதிகம் இருக்காது, தம்பி. 2012-இல் திறந்த அந்தப் பூங்காவில் பெரும்பாலும் நம் கைகால் உழைப்பால்தான் விளையாட வேண்டும்: ஏறுவது, தொங்குவது, தாண்டுவது. உலகின் மிக நீளமான நீர்ச்சறுக்கு என 2019-இல் கின்னஸ் பதிவு பெற்ற 1,111 மீட்டர் சறுக்கும் அங்குதான் இருக்கிறது. அதற்கு மலைமேல் போக நாற்காலி வண்டி உண்டு என்றாலும், வலியுள்ள முழங்காலுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நீங்கள் விளையாடும் நேரத்தில் அம்மா அதே தெலுக் பஹாங்கிலுள்ள என்டோபியா பட்டாம்பூச்சிப் பண்ணையில் நிதானமாகச் சுற்றிப் பார்க்கலாம். ஜார்ஜ் டவுனிலிருந்து 101-ஆம் எண் ரேபிட் பினாங்கு பஸ் அந்தப் பக்கம் போகிறது.

ரவாங்கிலிருந்து: கூடுதல் பணம் கட்டி விரைவு வரிசை டிக்கெட் வாங்குவது தேவையா?

சாதாரண வேலை நாளில் தேவையில்லை. விடுமுறை நாளென்றால் வாங்குமுன் கணக்குப் போடுங்கள். வண்டியில் 24 இருக்கை, ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் மணிக்கு 960 பேர் ஏறுவார்கள். உங்களுக்கு முன்னால் 240 பேர் நின்றால் கால் மணி நேரம்தான். இரண்டு வண்டிக்குப் பதில் ஒன்றையே ஓட்டினால் அது இரட்டிப்பாகும். எத்தனை வண்டி ஓடுகிறது என்று நுழைவாயிலிலேயே கேளுங்கள், சொல்வார்கள்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு தந்தை: மகனுக்கு ஆட்டிசம். வரிசையில் நிற்க முடியாது, சத்தமும் ஆகாது.

ஓகேயூ அட்டையை (மாற்றுத்திறனாளி அட்டை) எடுத்துச் செல்லுங்கள் ஐயா. கட்டணச் சலுகைக்கு மட்டுமல்ல, பேச்சைத் தொடங்கவும் அது உதவும். போவதற்குச் சில நாள் முன் மின்னஞ்சல் அனுப்பி, வரிசைக்கு வெளியே காத்திருந்து குறித்த நேரத்தில் வந்து ஏற ஏற்பாடு செய்வார்களா என்று கேளுங்கள். பதிலை அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். முகப்பில் ஆள் மாறினாலும் எழுத்து மாறாது. அமைதியான மூலை, முதலுதவி அறை இரண்டும் எங்கே என்று நுழைந்ததும் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளி நடக்கும் வாரத்தில், செவ்வாய் அல்லது புதன் காலையில் போக முடிந்தால் பையன் மகிழ்வான்.

காஜாங்கிலிருந்து: விளம்பரத்தில் காட்டிய முக்கிய விளையாட்டு பராமரிப்புக்காக மூடியிருந்தது. டிக்கெட் விற்றபோது சொல்லவில்லை. முறையிட்டும் பதில் இல்லை. யாரிடம் போவது?

மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போங்கள். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்தது அது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி (ரிங்கிட்), கோரிக்கை 50,000 வெள்ளி வரை, மூன்றாண்டுக்குள் பதிய வேண்டும். இணையத்திலும் பதியலாம். வழக்கறிஞர் தேவையில்லை, நீங்களே பேசலாம். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாதது குற்றம்.

விளம்பரத்தின் படம், டிக்கெட், மூடிய வாசலில் இருந்த அறிவிப்பின் படம், நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் ஆகிய நான்கும் இருந்தால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும். வழிகாட்டல் வேண்டுமானால் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகளை அணுகலாம்.

ஒரு வேறுபாடு முக்கியம். விழுந்து அடிபட்டதற்கான இழப்பீட்டை இந்த மன்றம் விசாரிக்காது. அதற்கு வழக்கறிஞர் வழியாக நீதிமன்றம்தான். அடிபட்டால் உடனே பூங்காவின் முதலுதவி அறையில் பதிவு செய்து, அந்த அறிக்கையின் நகலைக் கேளுங்கள். “உங்கள் சொந்தப் பொறுப்பு” என்ற பலகையைக் கண்டு உரிமையே போய்விட்டது என்று வீடு திரும்பிவிடாதீர்கள். பூங்காவின் கவனக்குறைவுக்கு அந்தப் பலகை தானாகவே கேடயமாகிவிடாது.

பினாங்கிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை: 40 மாணவர்களை அழைத்துச் செல்கிறோம். பிள்ளை தொலைந்துவிடுமோ என்றுதான் பயம்.

காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஒவ்வொரு குழுவையும் படமெடுங்கள் டீச்சர். அன்றைய உடை படத்தில் இருந்தால், தேடுபவருக்கு வேலை பாதியாகும். கைபேசி எண்ணை மணிக்கட்டில் எழுதிவிடுங்கள். பெயர் அட்டை அணிந்த பணியாளரிடம் மட்டும் போகச் சொல்லி, அந்த அட்டையை நுழைவாயிலிலேயே காட்டுங்கள். பிள்ளையைக் காணவில்லை என்றால் தாங்களே தேடிக்கொண்டிருக்காமல் உடனே சொல்லிவிட வேண்டும். வாசல்களில் ஆள் நிறுத்த எங்களுக்கு அந்த முதல் ஐந்து நிமிடம் வேண்டும்.

பூச்சோங்கிலிருந்து ஒரு தம்பி: நான் ஒரு பூங்காவில் பகுதிநேர வேலை செய்கிறேன். விளையாட்டு நின்றுவிட்டால் எல்லாரும் என்னைத் திட்டுகிறார்கள். என்ன செய்வது அக்கா?

உன் கேள்வியைத்தான் முதலில் படித்தேன், தம்பி. வெயிலில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டு, நீ செய்யாத தவற்றுக்குத் திட்டு வாங்குவது எளிதல்ல.

நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் ஓர் உணரி (சென்சார்). முன்னால் போன வண்டி தன் பகுதியை விட்டு நகர்ந்ததாக உறுதியாகாவிட்டால், பின்வண்டியைக் கணினி நிறுத்திவிடும். அது பாதுகாப்பு வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம், அதை அப்படியே வரிசையிடம் சொல். “தொழில்நுட்பக் கோளாறு” என்று மட்டும் சொன்னால் பயமும் கோபமும் சேர்ந்து வரும்.

பிறகு எவ்வளவு நேரம் என்று சொல். தெரியாவிட்டால், “பத்து நிமிடத்தில் திரும்பி வந்து சொல்கிறேன்” என்று சொல்லிவிட்டு, புதிய செய்தி எதுவும் இல்லாவிட்டாலும் பத்தாவது நிமிடம் அங்கே போய் நில். வரிசையைவிட்டுப் போக நினைப்பவருக்கு, குறைந்த கூட்டமுள்ள வேறொன்றைக் கைகாட்டு. யாராவது கெட்ட வார்த்தை பேசினாலோ கை ஓங்கினாலோ பதில் பேசாதே, வாக்கி டாக்கியில் மேற்பார்வையாளரை அழைத்துவிட்டு இரண்டடி பின்வாங்கு. அதைப் பொறுத்துக்கொள்வது உன் வேலையல்ல. உன் மேற்பார்வையாளர் அப்படிச் சொன்னால், மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் கொடு, தேதியும் நேரமும் குறித்து.