சபைக் குளத்தை மூட ஆதியாகமம் 1:28 ஆதாரமாகுமா?

ஆகாது. தக்கலை அருகே உங்கள் சபை வளாகத்திலுள்ள குளத்தை மண்ணிட்டு மூடி வாகன நிறுத்தம் அமைக்க, கமிட்டியில் ஆதாரமாகக் காட்டப்படும், உயிரினங்களை 'ஆண்டுகொள்ளுங்கள்' என்று கடவுள் மனிதனிடம் சொன்ன வேதாகம வசனம் அனுமதி தரவில்லை.

அவ்வசனத்தைத் தனியே வாசிப்பதால்தான் கமிட்டியில் இக்குழப்பம் எழுந்திருக்க வேண்டும். மனிதனைத் தோட்டத்தைப் 'பண்படுத்தவும் காக்கவும்' வைத்ததாக 2:15 கூறுகிறது. அங்கு 'காக்க' என்பதற்குரிய 'ஷாமர்' என்னும் எபிரெய வினையே, ஆராதனை முடிவில் நாம் தலைகுனிந்து பெறும் 'உன்னைக் காக்கக்கடவர்' (எண்ணாகமம் 6:24) என்ற ஆசீர்வாதத்திலும் வருகிறது. கர்த்தர் நம்மைக் காப்பது போலவே நிலத்தை நாம் காக்க வேண்டும் என்றே நான் இதை வாசிக்கிறேன்.

கூட்டத்துக்கு முன், கிராம நிர்வாக அலுவலரிடம், நிலங்களின் வகையைக் காட்டும் 'அ' பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணைப் பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்கு (நீர்நிலையாகப் பதிவான அரசு நிலம்) என்றிருந்தால், மூடும் உரிமையே சபைக்கு இல்லை.

ஒன்று மட்டும்: வண்டி நிறுத்த இடமின்றிச் சபையார் படும் சிரமம் உண்மையானது; மாற்றிடம் காட்டாமல் வசனத்தை மட்டும் எடுத்துரைத்தால் அவர்கள் செவிகொடுக்க மாட்டார்கள்.