சங்ககிரிக் கல்லுக்கு வயது என்ன? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சங்ககிரி குவாரிக் கல்லுக்கு வயது 55 கோடி ஆண்டு என்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் வேறு பாறைகளுக்கு 250 கோடி என்கிறார்கள். கல்லை வைத்து இதை எப்படிச் சொல்கிறார்கள்?
– வாசகர், சங்ககிரி

பதில்: கல்லுக்குள் சிர்கான் என்றொரு படிகம் இருக்கிறது. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவுதான் இருக்கும். பாறைக்குழம்பு உறையும்போது பிறக்கும் இந்தப் படிகம் யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும். ஈயத்தை ஏறக்குறைய சேர்க்கவே சேர்க்காது. யுரேனியம் சிதைந்து ஈயமாகிறது. ஆகவே இன்று அதில் இருக்கும் ஈயமெல்லாம் படிகம் பிறந்த பிறகு உண்டானது என்று கொள்ளலாம். யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு, யுரேனியம்-235 பாதியாகக் குறைய 70.4 கோடி ஆண்டு. ஒரே படிகத்தில் இரண்டு கடிகாரங்கள் ஓடுவதால் ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்க்க முடிகிறது. இந்த முறையின் பலமே இதுதான்.

வேலை கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்குகிறது. வெயில் மழையில் உளுத்த மேல்பகுதி உதவாது. உள்ளிருந்து உடைத்த புதுக்கல் 5 முதல் 10 கிலோ வேண்டும். ஜல்லி கிரஷரிலிருந்து அள்ளிய கல்லை அனுப்பவே கூடாது. வேறு குவாரியின் தூள் அதில் கலந்திருக்கும். ஆய்வகத்திலும் ஒவ்வொரு மாதிரிக்கும் முன்பு உடைக்கும் இயந்திரத்தைக் கழற்றித் துடைப்பார்கள். முந்தைய மாதிரியின் சிர்கான் ஒன்று ஒட்டியிருந்தால் போதும், முடிவில் ஒரு பொய் வயது வந்து உட்காரும்.

உடைத்த கல்லை மணலாக அரைத்துச் சலித்து, அரிசியில் கல் அரிப்பதுபோல் நீரில் அரித்து, கனமான மணிகளை ஒதுக்குவார்கள். காந்தம் இரும்புக் கனிமங்களை இழுத்துவிடும். மீதியை மெத்திலீன் அயோடைடு திரவத்தில் போடுவார்கள். அதன் அடர்த்தி சுமார் 3.3. குவார்ட்ஸ் 2.65 என்பதால் மிதக்கும், சிர்கான் 4.6க்கு மேல் என்பதால் மூழ்கும். இந்தத் திரவம் நச்சு, புகைபோக்கிக் கூண்டுக்குள்தான் கையாள வேண்டும். பிறகு நுண்ணோக்கியின் கீழ் விரிசலில்லாத மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, எபாக்சி என்ற பிசின் வில்லையில் பதித்து, பாதி தேயும்வரை மெருகேற்றுவார்கள்.

அடுத்தது படம் எடுப்பது. எலக்ட்ரான் கற்றை பட்டதும் சிர்கான் ஒளிரும். உள்கருவும் வெளி விளிம்பும் தனித்தனியே தெரியும். இந்தப் படியைத் தாண்டிப் போனால் பின்னால் வரும் எண் எதற்கும் உதவாது. கடைசியாக லேசரால் மணியில் குழி போட்டு, வெளிவரும் தூளில் யுரேனியமும் ஈயமும் எவ்வளவு என்று அளப்பார்கள். லேசர் சுமார் 30 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 30 பங்கு) அகலத்துக்குத்தான் குழி போடும். அந்தக் குழி கருவிலும் பாதி, விளிம்பிலும் பாதி விழுந்தால், நடக்காத ஒரு நிகழ்ச்சிக்கு வயது கிடைக்கும்.

உங்கள் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. கொங்கு நாட்டின் பழைய நைஸ் (சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய வரிப்பாறை) பாறைகளில் சிர்கான் கரு ஏறத்தாழ 250 கோடி ஆண்டு காட்டும். அதே மணியின் விளிம்பு சில இடங்களில் 55 கோடியை ஒட்டிக் காட்டும். இந்தியாவும் ஆப்பிரிக்காவும் அடங்கிய கோண்டுவானா பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலம் அது. பழைய பாறை மீண்டும் சூடேறியது. அந்தச் சூட்டில் புதிதாக உருகி எழுந்து உறைந்ததே சங்ககிரி–திருச்செங்கோடு கிரானைட். இரண்டு எண்ணும் சரிதான்.

சில மணிகளில் கதிர்வீச்சு படிகத்தைச் சிதைத்து, ஈயம் கசிந்துவிடும். அப்போது இரண்டு கடிகாரங்களும் வேறு வேறு வயது சொல்லும். அவற்றைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. அமெரிக்க விஞ்ஞானி ஜார்ஜ் வெதரில் 1956இல் காட்டிய வரைபடத்தில், இரண்டு கடிகாரமும் ஒத்துப்போகும் வயதுகள் ஒரு வளைகோடாக அமையும்; இப்படிப்பட்ட மணிகள் அதை இரண்டு இடத்தில் வெட்டும் ஒரு நேர்கோட்டில் நிற்கும். மேலே வெட்டும் இடம் பிறந்த காலத்தைக் காட்டும், கீழே வெட்டும் இடம் பெரும்பாலும் ஈயம் கசிந்த காலத்தைக் காட்டும்.

கேள்வி: 1000 அடி போர்வெல்லில் தண்ணீர் வெதுவெதுப்பாக வருகிறது. பூமியின் வயதை முன்பு இந்தச் சூட்டை வைத்துத்தான் கணித்தார்களாமே?
– வாசகர், பல்லடம்

பதில்: ஆம். பிரிட்டிஷ் இயற்பியலாளர் கெல்வின் 1862இல் அப்படித்தான் கணித்தார். 50 அடிக்கு 1 டிகிரி பாரன்ஹீட் ஏறுகிறது என்று எடுத்துக்கொண்டார். அந்தக் கணக்கில் உங்கள் 1000 அடிக்கு 20 டிகிரி. நம் பகுதி போன்ற பழம்பாறை நிலத்தில் ஏற்றம் பொதுவாக இதைவிடக் குறைவு. உருகிய நிலையிலிருந்து ஆறி இந்த அளவுக்கு வர 9.8 கோடி ஆண்டு என்றார். பிழைக்கு இடம்விட்டு 2 கோடி முதல் 40 கோடி வரை என்று எல்லை வைத்தார். பின்னால் அதையும் 2 முதல் 4 கோடிக்குள் சுருக்கினார்.

கதிரியக்க வெப்பம் அவருக்குத் தெரியாததால்தான் தவறியது என்று பல பாடநூல்கள் எழுதுகின்றன. அது பாதி உண்மைகூட இல்லை. பூமியின் உட்பகுதி அசையாத திடப்பொருள், வெப்பம் கடத்தலால் மட்டுமே வெளியேறுகிறது என்று அவர் வைத்துக்கொண்டதுதான் பெரிய பிழை. உள்ளே பொருள் மெல்ல நகர்ந்து வெப்பத்தை மேலே கொண்டுவந்தால் இதே சூட்டுக்கு வயது நூறு கோடிகளுக்குப் போகும் என்று, அவரிடம் உதவியாளராக இருந்த ஜான் பெரி 1895லேயே காட்டினார். பெரிக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

கேள்வி: பூமிக்கு 454 கோடி வயது என்றால், அந்த வயதுக் கல் எங்கே இருக்கிறது?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: பூமியில் எங்கும் கிடைக்கவில்லை. மேலோடு ஓயாமல் உருகியும் அரிபட்டும் புதைந்தும் மாறுகிறது. கனடாவின் அகாஸ்டா நைஸ் சுமார் 400 கோடி. ஆஸ்திரேலியாவின் ஜாக் குன்றுகளில் ஒரு சிர்கான் மணி 440 கோடி. அதனால்தான் அமெரிக்க வேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் விண்கற்களை எடுத்தார். இரும்பு விண்கல்லில் யுரேனியம் அநேகமாக இல்லை. சூரியக் குடும்பம் பிறந்தபோதிருந்த ஈயம் அப்படியே கிடக்கிறது. அதைத் தொடக்கமாக வைத்து, யுரேனியமுள்ள கல் விண்கற்களோடு ஒப்பிட்டு, 1956இல் 455 கோடி, 7 கோடி முன்பின் என்று வெளியிட்டார். விண்கற்களின் ஈய அளவுகள் வரைபடத்தில் ஒரே நேர்கோட்டில் நின்றன; பூமியின் கடல்வண்டல் ஈயமும் அதே கோட்டில் விழுந்தது. அதற்கு முன்பு பல ஆண்டுகள், காற்றிலும் தூசியிலும் கலந்த ஈயம் அவருடைய மாதிரிகளைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அதைத் துரத்தப்போய்த்தான் ஈயம் கலந்த பெட்ரோலின் தீங்கை உலகுக்குச் சொன்னார்.

கேள்வி: சித்தம்பூண்டிக் கல்லில் நிலா மண் செய்தார்கள். அப்படியானால் அது நிலா வயதுக் கல்லா?
– மாணவர், நாமக்கல்

பதில்: இல்லை. நிலா மண்போல ஒரு செயற்கை மண் செய்ய இஸ்ரோ அதை எடுத்தது, அனார்த்தோசைட் என்ற பாறைவகை ஒத்திருப்பதால். நிலா மேட்டுநிலத்தின் அனார்த்தோசைட் 430 கோடிக்கும் மேல். சித்தம்பூண்டி ஏறத்தாழ 250 கோடி.

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பாறைக்குக் கார்பன் சோதனை செய்யலாமா?
– வாசகர், சென்னிமலை

பதில்: முடியாது. கார்பன்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டுதான்; 50,000 ஆண்டுக்கு மேல் அளக்க ஒன்றும் மிஞ்சாது. உயிரோடு இருந்த பொருளாகவும் இருக்க வேண்டும்: கரி, தானியம், எலும்பு. அகழாய்வு நடந்த, உங்கள் பக்கத்துக் கொடுமணல் போன்ற பழைய ஊர்களுக்குத்தான் இது பொருந்தும். தோட்டத்தில் பானை ஓட்டோடு கரி தென்பட்டால் தோண்டாமல் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். பெயர்த்து எடுத்துவிட்டால் எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பது போய்விடும்; பிறகு கரியின் வயது கிடைத்தாலும் பானையின் வயது அதுதானா என்று சொல்ல முடியாது.