பழைய பதிப்பின் முகவரியைப் புதியதற்குத் திருப்பிவிடலாமா?

கேள்வி: ஆர்டர் பெறும் எங்கள் ஏபிஐயின் (பிற செயலிகள் எங்கள் சர்வருடன் பேசும் இடைமுகத்தின்) இரண்டாம் பதிப்பை வெளியிட்டபின், '/வி1/ஆர்டர்கள்' என்ற முகவரிக்கு வரும் கோரிக்கைகளை எல்லாம் 301 (நிரந்தரமாக இடம் மாறியது) குறியீட்டுடன் '/வி2/ஆர்டர்கள்' முகவரிக்கு ரீடைரெக்ட் செய்தோம், அதாவது திருப்பிவிட்டோம். பட்டியல் கேட்பவர்களுக்குப் பட்டியல் வருகிறது. புதிய ஆர்டர் அனுப்பும் பழைய செயலிகளுக்கும் 200 (வெற்றி) என்றே பதில் போகிறது. ஆனால் ஆர்டர் பதிவாவதில்லை. ஏன்?

பதில்: 301 குறியீட்டைப் பெறும் கிளையன்ட் மென்பொருள்களில் பெரும்பாலானவை, தரவு அனுப்பும் போஸ்ட் கோரிக்கையைத் தகவல் கேட்கும் கெட் கோரிக்கையாக மாற்றி, உடன் வந்த தரவையும் கைவிட்டுவிட்டுத்தான் புதிய முகவரிக்குச் செல்கின்றன. ஆகவே ஆர்டர் கொடுக்க வந்த செயலி, அங்கே பட்டியலைக் கேட்டுப் பெற்று, 200 என்பதைக் கண்டு நிறைவடைந்து விடுகிறது. இது தவறான நடத்தை என்று 1996இல் வெளியான எச்டிடிபி 1.0 (வலையில் தகவல் பரிமாறும் நெறிமுறை) ஆவணமே குறிப்பிட்டது. ஆனால் உலாவிகள் மாறவில்லை, விதிதான் இறங்கி வந்தது. 2022இல் வெளியான ஆர்எஃப்சி 9110 என்ற இணையத் தர ஆவணம், வரலாற்றுக் காரணங்களுக்காக 301, தற்காலிக மாற்றத்துக்கான 302 இரண்டிலும் இந்த மாற்றத்தை அனுமதிக்கிறது. கோரிக்கையின் வகையும் தரவும் மாறாமல் போய்ச் சேர வேண்டுமானால், தற்காலிக மாற்றத்துக்கு 307, நிரந்தர மாற்றத்துக்கு 308 என்ற குறியீடுகளையே பயன்படுத்த வேண்டும். 301, 308 ஆகியவற்றைத் தனியாகத் தடுக்காவிட்டால் கிளையன்ட்டுகள் கேஷில் (தங்கள் தற்காலிக நினைவகத்தில்) சேமித்துக்கொள்ளலாம் என்பதால், சர்வரில் நீங்கள் திருத்திய பிறகும் சில உலாவிகள் பழைய திருப்பத்தையே பின்பற்றக்கூடும். சோதனைக் காலத்தில் 307 பாதுகாப்பானது.

இவ்வளவு சொன்னபிறகும், உங்கள் சிக்கலுக்கு 308 தீர்வாகாது என்பதே என் கருத்து. ரீடைரெக்ட் என்பது 'நீங்கள் கேட்ட அதே பொருள் வேறு இடத்தில் இருக்கிறது' என்று அறிவிப்பது. பதிப்பு மாறும்போதோ பொருளே மாறுகிறது. முதல் பதிப்பில் 'விலை' என்ற புலத்தில் வெறும் எண் இருந்து, இரண்டாம் பதிப்பில் அது தொகை, நாணயம் என்ற இரு புலங்களாகப் பிரிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 308 பழைய வடிவத் தரவை அப்படியே புதிய வாசலில் கொண்டு சேர்க்கும். அங்கே அது 400 (தவறான கோரிக்கை) என்று மறுக்கப்பட்டால் நல்லது, மறுக்கப்படாமல் வேறு பொருளில் ஏற்கப்பட்டால் கணக்கே பிறழும். திரும்பி வரும் ஜேசான் வடிவத் தரவையும் பழைய செயலியால் படிக்க முடியாது. எனவே '/வி1' ரூட்களை (முகவரி வழிகளை) அப்படியே வைத்திருங்கள். அவற்றுக்குப் பின்னால் ஒரு மெல்லிய மாற்றி அடுக்கை எழுதி, பழைய வடிவத்தைப் புதிய வடிவமாக்கி, இரு பதிப்புகளுக்கும் பொதுவான ஒரே உள்நிரலை அழைத்து, விடையைப் பழைய வடிவத்திலேயே திருப்பிக் கொடுங்கள். ஒரே பதிப்புக்குள் முகவரியின் எழுத்துக்கூட்டு மட்டும் மாறும் இடங்களுக்கு 308 போதும்.

கேள்வி: அப்படி ஒரு முகவரி மாற்றத்துக்கு 308 வைத்தோம். கைபேசிச் செயலி இயங்குகிறது. வேறு டொமைனில் உள்ள எங்கள் வலைப்பக்கம் மட்டும் தோற்கிறது.

பதில்: வேறு டொமைனுக்கு ஜேசான் தரவை அனுப்புமுன் உலாவி ஆப்ஷன்ஸ் வகையில் ஒரு முன்கோரிக்கை அனுப்பி அனுமதி கேட்கிறது. அதற்கு 200 முதல் 299 வரையிலான குறியீடு வர வேண்டும். ரீடைரெக்ட் வந்தால் உலாவி அங்கேயே நிறுத்திவிடும். ஆப்ஷன்ஸ் கோரிக்கைக்குப் பழைய முகவரியிலேயே நேரடியாக விடையளியுங்கள். புதிய முகவரி வேறொரு ஹோஸ்டில் இருக்குமானால், கர்ல், பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் போன்ற கருவிகள் அடையாளச் சான்றான டோக்கனைச் சுமக்கும் ஆத்தரைசேஷன் ஹெடரை (கோரிக்கையின் தலைப்பு வரியை) அங்கே எடுத்துச் செல்வதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். டோக்கன் அந்நியர் கையில் சிக்காமலிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. காரணம் தெரியாத 401 (அடையாளச் சான்று இல்லை) வரும்போது முதலில் இதைப் பார்க்கலாம்.

கேள்வி: முகவரியின் இறுதியில் சாய்கோடு விடுபட்டாலும் ரீடைரெக்ட் ஆகிறதே?

பதில்: ஃபிரேம்வொர்க்குகள் (சர்வர் நிரல் எழுத உதவும் ஆயத்தக் கட்டமைப்புகள்) தாமாகச் செய்யும் உதவி அது. ஜாங்கோ 301 அனுப்புகிறது, ஃபாஸ்ட்ஏபிஐ 307 அனுப்புகிறது. முன்னதில் போஸ்ட் தரவு தொலையும். ஏபிஐக்கு இந்த உதவியை அணைத்துவிட்டு, தவறான முகவரிக்கு 404 தருவதே மேல்.

கேள்வி: முதல் பதிப்பை எப்போது மூடுவது?

பதில்: சர்வர் பதிவேட்டில் அதை இன்னும் யார் அழைக்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான். மூடும் நாளை முடிவு செய்ததும், 2019இன் ஆர்எஃப்சி 8594 வரையறுத்த சன்செட் ஹெடரில் அந்தத் தேதியை முதல் பதிப்பின் ஒவ்வொரு பதிலிலும் அனுப்பத் தொடங்குங்கள். ஹெடரைப் படிக்கும் கிளையன்ட்டுகள் குறைவு என்பதால், வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சலும் அனுப்பியாக வேண்டும். நாள் வந்ததும் 410 (நிரந்தரமாக நீக்கப்பட்டது) குறியீட்டுடன், புதிய பதிப்பின் ஆவணம் எங்கே இருக்கிறது என்ற விவரத்தையும் பதிலில் சேர்த்து அனுப்புங்கள். அப்போதும் இரண்டாம் பதிப்புக்கு ரீடைரெக்ட் வேண்டாம்.