கதவை உடைத்து வந்தவனை வெட்டினால் கேஸ் வருமா?

கேள்வி: போன மாதம் எங்கள் தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) இரண்டு காம்பராவின் (வீட்டு அறையின்) பின்கதவை உடைத்துக் களவெடுத்துவிட்டார்கள். வீட்டுக்காரர் கொழும்பில் கடையில் வேலை. நானும் மாமியாரும் இரண்டு பெண்பிள்ளைகளும்தான் இருக்கிறோம். தலைமாட்டில் தேயிலைச் செடி கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தியை வைத்துக்கொண்டு படுக்கிறேன். “ராத்திரியில் வீட்டுக்குள் வந்தவனை வெட்டினால் கேஸே கிடையாது” என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். உண்மையா ஐயா?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: தங்கச்சி, அண்ணன் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதியை நம்பியவர்களைச் சட்டத்தரணியான நான் கூண்டில் பார்த்திருக்கிறேன்.

சரியான பாதி இது. 1883இல் வெள்ளைக்காரன் எழுதி வைத்த தண்டனைச் சட்டக்கோவைதான் இன்றும் இலங்கையில் நமக்கு. அதில் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. உயிர் போகும், பெருங்காயம் படும், பாலியல் வல்லுறவு நடக்கும், ஆளைக் கடத்துவான் என்று நியாயமாகப் பயந்து அடித்து, வந்தவன் செத்தாலும் குற்றமில்லை என்கிறது 93ஆம் பிரிவு. சொத்துக்கு 96ஆம் பிரிவு: கொள்ளை, இரவில் வீடுடைத்தல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல், உயிருக்கே ஆபத்து என்று அஞ்சவைக்கும் களவு, அத்துமீறல். இரவு என்றால் பொழுது சாய்ந்து விடியும் வரை. நீங்கள் மலையில் கொழுந்து எடுக்கும் நேரம் காம்பராவுக்குள் புகுந்து ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு ஓடுபவனை வெட்ட இது இடம் தராது.

இனி அண்ணன் சொல்லாத பாதி. தேவைக்கு மிஞ்சிய தீங்கு செய்ய உரிமையில்லை, பொலிஸை நாட நேரமிருந்தால் அந்த உரிமையே இல்லை என்கிறது 92. நடுச்சாமத்தில் தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு ஜீப் ஏறிவர எவ்வளவு நேரமாகும் என்று நீதிபதிக்கும் தெரியும். இருந்தாலும் பொலிஸ் அவசர எண் 119க்கு அழைத்தது உங்கள் போனில் பதிவாகியிருந்தால், அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அலவாங்கோடு (கடப்பாரையோடு) உள்ளே கால் வைக்கிறான், நீங்கள் வெட்டுகிறீர்கள் என்றால் சட்டம் உங்கள் பக்கம். அலவாங்கைப் போட்டுவிட்டு இஸ்தோப்பை (வாசல் திண்ணையை) தாண்டி, வடிகானைத் தாண்டி ஓடுகிறவனைத் துரத்திப்போய் முதுகில் வெட்டினால் கொலை வழக்கு. சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது, காயம் முன்னாலா பின்னாலா என்று. அடுத்தது எத்தனை காயம். ஒரு வெட்டைப் பயத்தில் விழுந்தது என்று வாதாடலாம். விழுந்து கிடப்பவன் மேல் ஐந்தாறு என்றால் எனக்கே வாய் அடைத்துவிடும். பிடித்தவனைக் கட்டிப்போட்டு லயமே சேர்ந்து மொத்துகிறார்களே, அதில் அவன் செத்தால் கை வைத்த அத்தனை பேரும் வழக்கில் எதிரிகள்தான் (குற்றம் சாட்டப்பட்டவர்கள்).

கொலைக்குத் தண்டனை மரணம். 1976க்குப் பிறகு இங்கே யாரையும் தூக்கிலிடவில்லை, ஆனால் ஆயுள் முழுக்கச் சிறையில் கிடக்கிறார்கள். நல்லெண்ணத்தோடு தற்காத்து எல்லை மீறியது என்று நிரூபித்தால் குற்றம் ஒருபடி இறங்கும். அப்போதும் 20 வருடம் வரை போகலாம். நிரூபிக்க வேண்டியதும் நீங்கள்தான். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு அந்தச் சுமையை உங்கள் தலையில்தான் வைக்கிறது. நியாயம் முழுக்க உங்கள் பக்கமே இருந்தாலும், கொலைக் குற்றச்சாட்டு என்றால் நீதவான் பிணை தர முடியாது. 1997ஆம் ஆண்டுப் பிணைச் சட்டப்படி மேல் நீதிமன்றம் போக வேண்டும். அதுவரை விளக்கமறியல், அதாவது சிறைக் காவல். பிள்ளைகளை யார் பார்ப்பது?

என்னை அதிகம் பயமுறுத்துவது வேறொன்று. லயத்தில் எல்லாக் கதவும் ஒரே மாதிரி. சம்பள நாளன்று தலைகால் தெரியாமல் குடித்தவன் தன் வீடென்று நினைத்து உங்கள் கதவை உதைப்பான். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், கீழே பிள்ளைகள் படுத்திருக்க, இருட்டில் கவ்வாத்துக் கத்தியை வீசினால் அது யார் மேல் படும் என்று யாருக்குத் தெரியும்? தலைமாட்டில் டோர்ச் இருக்கட்டும். முதலில் வெளிச்சம் அடியுங்கள், “யாரு?” என்று கத்துங்கள், தகரத்தைத் தட்டி லயத்தை எழுப்புங்கள். மிளகாய்த்தூள் டப்பா பக்கத்தில் இருப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. பின்கதவுக்கு இரும்புப் பட்டையும் தாழ்ப்பாளும் போடுங்கள். திறந்து கிடந்த கதவால் சும்மா நுழைந்தவனைச் சட்டம் வீடுடைத்தவனாகக் கணக்கெடுக்காது.

மீறி ஏதாவது நடந்துவிட்டால் தரையைக் கழுவாதீர்கள், கத்தியை ஒளிக்காதீர்கள். வாக்குமூலம் தமிழில் கொடுங்கள், அது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதி நீட்டினால் தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடவேண்டாம். “அவன் கையில் அலவாங்கு இருந்தது” என்று நீங்கள் சொன்னது அதில் விழுந்திருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்?

கேள்வி: லீக்ஸ் பாத்தியில் களவும் காட்டுப்பன்றித் தொல்லையும் தாங்க முடியவில்லை. வீட்டுக் கரண்டில் ஒரு கம்பி இழுத்து விடலாமா?
– வாசகர், வெலிமடை

பதில்: வேண்டாம் தம்பி. தோட்டத்தில் லீக்ஸ் பிடுங்குகிறவனைத் தடுக்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் 97ஆம் பிரிவுப்படி மரணம் அல்லாத தீங்கு மட்டும். கம்பிக்கு அந்தக் கணக்குத் தெரியாது. நீங்கள் தூங்கும்போது அது கள்ளனையும் பிடிக்கும், விடிகாலையில் தண்ணீர் திருப்ப வருகிற உங்கள் அப்பாவையும் பிடிக்கும். கவனயீனத்தால் மரணம் என்றாலே 298ஆம் பிரிவில் 5 வருடம் வரை. ஆள் சாகலாம் என்று தெரிந்தே இழுத்தீர்கள் என்றால் அதைவிடக் கனமான குற்றம். சிறுத்தை மாட்டினால் வனஜீவராசிகள் திணைக்களம் வேறு வந்து நிற்கும். பன்றிக்கு முள்வேலியைக் கீழ்வரை நெருக்கி அடியுங்கள்.

கேள்வி: மாமனார் காலத்துத் துவக்கு ஒன்று பரணில் கிடக்கிறது. லைசன்ஸ் இல்லை. கள்ளன் வந்தால் மிரட்ட மட்டும் மேலே பார்த்துச் சுடலாமா?
– ஊர் பெயர் தவிர்க்கப்பட்டது

பதில்: சுடவே வேண்டியதில்லை, வைத்திருப்பதே 1916ஆம் ஆண்டுச் சுடுபடைக்கலன் கட்டளைச் சட்டப்படி குற்றம். கள்ளன் விஷயத்தில் நீங்கள் தப்பினாலும் துவக்கு வழக்கு அப்படியே நிற்கும். ஒரு சட்டத்தரணியோடு போய் பொலிஸில் ஒப்படையுங்கள். காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள். ஊர் பெயரை வெட்டியது நான்தான். துவக்கைப் பற்றிப் பத்திரிகைக்கு இனிமேல் கடிதம் எழுதாதீர்கள்.