வீட்டில் ஒலிப்பதிவு செய்ய எப்படிப்பட்ட மைக் ஆர்ம் வாங்கலாம்?

மேசை விளிம்பைக் கவ்விக்கொண்டு, மைக்கை வாய்க்கருகே தாங்கி நிற்கும் மடக்குக் கைதான் மைக் ஆர்ம். அந்த நெருக்கமே அதன் பயன். தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடுதலாகப் பதிவாகும். மின்விசிறி இரைச்சலோ பழைய அளவிலேயே நிற்கும்.

முதலில் எடையைப் பாருங்கள். உள்ளிருக்கும் ஸ்பிரிங், கிணற்றுத் துலாவின் பின்பாரம்போல மைக்கின் எடையை ஈடுகட்டுகிறது. மைக் கனமானால் கை மெல்லச் சரியும். மிக லேசானால் மேலே எழும்பும். ஷூர் எஸ்எம்7பி என்ற மைக்கின் எடையே முக்கால் கிலோவைத் தாண்டும். மலிவான ஆர்ம்கள் பெரும்பாலும் இங்கேதான் காலை வாரும்.

அடுத்தது இடம். மும்பையின் மாதுங்காவிலோ செம்பூரிலோ ஓரறை வீட்டில் மேசை சுவரோடு ஒட்டித்தான் கிடக்கும். உயரமான ஆர்மை மடக்கினால் அதன் முழங்கை பின்னால் நீண்டு சுவரில் இடிக்கும். அங்கே கணினித் திரைக்குக் கீழே படுத்து வரும் தாழ்வான வகையே என் தேர்வு. கவ்வி பிடிக்கும் பலகைத் தடிமனையும் சரிபாருங்கள்; கண்ணாடி மேசை வேண்டாம். மைக்கைத் திருகி மாட்டும் மரை 5/8 அங்குலமா 3/8 அங்குலமா என்ற கவலை சிறியது, அதற்கான அடாப்டர் எளிதில் கிடைக்கும்.

ஆர்ம் மாட்டினால் விசைப்பலகைத் தட்டல் கேட்காது என்று பலர் நம்புகிறார்கள்; கவ்வி மேசையைத்தான் பிடித்திருக்கிறது, ஆகவே அதிர்வு மைக்குக்கு ஏறும், அதைத் தணிக்க ஷாக் மவுண்ட் தனியாக வேண்டும்.