பாஸ்வேர்டைக் கொடுத்த பிறகும் மனைவி ஏன் நம்பவில்லை?

கேள்வி: திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நண்பனுக்காக வாங்கிய கடனை மனைவியிடம் மறைத்துவிட்டேன். வங்கியிலிருந்து வந்த மெசேஜைப் பார்த்து அவரே கண்டுபிடித்தார். மன்னிப்புக் கேட்டு, போன் பாஸ்வேர்டு முதல் வங்கிக் கணக்கு வரை எல்லாம் கொடுத்துவிட்டேன். நான்கு மாதமாகியும் தினமும் போனைப் பார்க்கிறார், கேட்டதையே கேட்கிறார். இன்னும் என்னதான் செய்வது?

பதில்: பாஸ்வேர்டைக் கொடுத்தது சரிதான். ஆனால் அதனால் ஆவது கொஞ்சம்தான். போனில் ஒன்றும் இல்லை என்று பார்த்தால் அன்று ராத்திரி தூக்கம் வரும்; மறுநாள் சந்தேகம் புதிதாக முளைக்கும். கண்ணால் சரிபார்த்ததை நம்ப வேண்டிய தேவையே இல்லையே! தன் பார்வை எட்டாத இடத்தில் நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்பதுதான் அவர் கேள்வி.

ரெம்பல், ஹோம்ஸ், ஸன்னா என்ற உளவியலாளர்கள் 1985இல் நெருங்கிய உறவின் நம்பிக்கையை மூன்றாகப் பிரித்தார்கள். இவர் இப்படித்தான் நடந்துகொள்வார் என்று கணிக்க முடிவது முதலாவது. இவரை நம்பி இருக்கலாம் என்று ஆளையே எடைபோட்டு வைப்பது அடுத்தது. நாளைக்கு என்ன வந்தாலும் கைவிட மாட்டார் என்ற உறுதி மூன்றாவது. நீங்கள் எதிர்பார்ப்பது இந்த மூன்றாவதை. அவர் இன்னும் முதலாவதிலேயே நிற்கிறார். நான்கு மாதம் அதற்கு அதிகமில்லை.

கடனைவிட அவரை அரிப்பது, மறைத்துவைத்திருந்த காலத்தில் நீங்கள் இயல்பாகப் பேசிச் சிரித்த நாட்கள். ‘அன்றைக்கும் மனதில் இதை வைத்துக்கொண்டுதான் இருந்தாரா?’ என்று ஒவ்வொன்றையும் தோண்டிப் பார்ப்பார். கேட்டதையே கேட்பது அதனால்தான். ‘எத்தனை தடவை சொல்வது’ என்று எரிந்து விழுந்தால், இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்றே படும். அப்படி உண்மையிலேயே பாக்கி இருந்தால் இந்த வாரமே முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். தவணை முறையில் வெளிவரும் உண்மை, மறைத்ததைவிட மோசமாக அடிக்கும்.

அதன் பிறகு பழக வேண்டியது, கேட்பதற்கு முன்பே சொல்வது. ‘இன்று அவன் மறுபடி பணம் கேட்டான். உன்னிடம் பேசாமல் எதுவும் சொல்ல முடியாது என்றேன்’ என்று வீட்டுக்குள் நுழைந்ததும் சொல்லிப் பாருங்கள். திட்டு விழலாம், விழட்டும். தனக்குப் பாதகமான செய்தியையும் தானாகச் சொல்பவரிடம் துருவிக் கேட்கும் அவசியம் மெல்லக் குறையும்.

ஏழு மணிக்கு வருகிறேன் என்றால் ஏழு. முடியாதென்றால் ஏழுக்கு முன்பே ஒரு போன். இதெல்லாம் அற்பமாகத் தோன்றும். ஆனால் ஜான் காட்மேன் என்ற அமெரிக்க உளவியலாளர் புதுமணத் தம்பதிகளை ஆராய்ந்து, ஆறு ஆண்டுகள் கழித்து மீண்டும் பார்த்தார். சேர்ந்தே இருந்தவர்கள், துணை பேச்சுக் கொடுத்த சின்னச் சின்னத் தருணங்களில் 86 சதவீதம் முகம் கொடுத்திருந்தார்கள். பிரிந்தவர்கள் 33 சதவீதம்தான்.

போன் சோதனையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எவ்வளவு நாளைக்கு என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்; கணக்கு வழக்கை மாதம் ஒருமுறை ஒன்றாக உட்கார்ந்து பாருங்கள். சோதனை முற்றி, நாலு பேர் முன் அவமானப்படுத்துவது, நண்பர்களோடு பேசத் தடை போடுவது என்று போனால் அதற்குக் கடன் காரணமாகாது. தம்பதி ஆலோசகரிடம் இருவருமாகப் போக வேண்டிய கட்டம் அது.