ஒகேனக்கல் பரிசலில் பரிசல்காரர் சொல்லும் இடத்தில்தான் உட்கார வேண்டுமா? ஏன்?

ஆமாம். பரிசல் என்பது மூங்கில் பிளாச்சுகளைக் கூடைபோல முடைந்து, அடியில் தண்ணீர் புகாத உறை போட்ட வட்டப் படகு. அந்தக் காலத்தில் தோல், இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். எடை கூடும் பக்கம் அது சாயும். தண்ணீர்த் தொட்டியில் தாம்பாளத்தை மிதக்கவிட்டு, ஓரத்தில் ஒரு தேங்காயை வைத்துப் பாருங்கள், புரியும். அதனால்தான் கனமானவர்களை எதிரெதிரே உட்கார வைக்கிறார். செல்ஃபிக்காக எல்லோரும் ஒரே பக்கம் நகர்வதுதான் பெரிய தொல்லை!

லைஃப் ஜாக்கெட் வாரை இறுக்குங்கள். கட்டணத்தை ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், கெஞ்சிப் பயனில்லை.

அப்புறம், பரிசல் சுழன்றதும் கட்டுப்பாடு போய்விட்டதாகச் சிலர் அலறுகிறார்கள். பெரும்பாலும் அது பரிசல்காரரே துடுப்பால் சுற்றிக் காட்டும் வேடிக்கை. வேண்டாம் என்றால் நிறுத்திவிடுவார்.